ஏலமலையில் ஒயின் தோட்டம் போடுவது எப்படி?

வெளிநாட்டுச் சுற்றுலாவில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போய், கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "ம்ம்" என்று சொல்லிவிட்டு வந்த மாப்பிள்ளைகளுக்கு, மாமனாரின் ஏலத்தோட்டத்தைப் பார்த்ததும் ஒரு யோசனை வரும். போடிமெட்டில் மேகம் இருக்கிறது, சரிவு இருக்கிறது, காலையில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது. இங்கே ஏன் ஒயின் வராது? வரவழைத்துவிடலாம். அதற்கான வழிகளைச் சொல்கிறேன். மாமனார் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் படியுங்கள்.

முதலில் இடத்தைப் புகழ வேண்டும். உலகத்திலேயே விலை உயர்ந்த ஒயின்களில் சில பிரான்சின் பர்கண்டியில், கிழக்குப் பார்த்த ஒரு சரிவிலிருந்து வருகின்றன. போடிக்கு மேலே இருக்கும் சரிவும் கிழக்குப் பார்த்ததுதான். ஆக, வாஸ்து பொருந்திவிட்டது. அட்சரேகை பற்றி யாராவது கேட்டால் மட்டும் டீ வரவழைத்துப் பேச்சை மாற்றுங்கள். பெயர்பெற்ற ஒயின் ஊர்கள் பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட பாகையில் இருக்கின்றன. போடி 10இல் இருக்கிறது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் வெயில் சாய்ந்தே விழும். அதனால் அங்கே தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவாகத் தேடி நடுகிறார்கள். தரையில் கிடக்கும் பலகைக்கல் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. சூரியன் வருஷத்துக்கு இரண்டு தடவை உச்சந்தலைக்கு நேராக வந்து நின்று விசாரித்துவிட்டுப் போகிறது.

அடுத்து, கொடியைத் தூங்க வைக்க வேண்டும். குளிர்நாட்டுத் திராட்சை பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும், வருஷத்துக்கு ஒரே அறுவடை. நம் ஊரில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. எழுப்புகிற வேலையைக் கவாத்துக் கத்திரி செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வெட்டிவிட்டால் சுமார் நாலு மாதத்தில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பூ, அதற்கும் அடுத்ததில் பழம். பிரெஞ்சுக்காரன் லேபிளில் வருஷத்தைப் போட்டுவிட்டு மீசையை முறுக்குவான். நீங்கள் எந்த வருஷம், எந்த வெட்டு என்று இரண்டையும் அச்சடிக்க வேண்டியிருக்கும். லேபிளைக் கொஞ்சம் பெரிதாகவே அடியுங்கள்.

இனி நிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். போடி சுமார் 350 மீட்டர் உயரம். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, 1,300 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் மாவும் இலவும், ஏற ஏற காப்பியும் மிளகும், முகட்டைத் தாண்டினால் ஏலம். எது எந்த உயரத்தில் வரும் என்று மலை தானே தீர்மானித்து வைத்திருக்கிறது; இப்போது அதைத் திருத்தப் போகிறவர் நீங்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். திராட்சைக்கு வெயில் வேண்டும், பழுக்கும் நேரத்தில் மழை கூடவே கூடாது. ஆகவே மாமனார் ஐம்பது வருஷமாகக் காப்பாற்றிய நிழல் மரங்களை முதலில் வெட்ட வேண்டும். வனத்துறையிடமும் அவரிடமும் அதை யார் சொல்வது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மழை நாளில் கொடியில் பூஞ்சை வரும். பயப்பட வேண்டாம், மருந்து தோட்டத்திலேயே இருக்கிறது. ஏலக்காயில் அழுகல் நோய் வராமலிருக்கப் பருவமழைக்கு முன்னால் தெளிக்கிறார்களே, போர்டோ கலவை, அதேதான். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துத்தான் சேர்ப்பார்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பிறகு பளபளப்பான கத்தி ஒன்றை உள்ளே விட்டு எடுப்பார்கள். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. இந்தச் சரக்கின் பூர்வீகம் பிரான்சின் போர்டோ. சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமலிருக்க, பார்த்தாலே குமட்டும்படி செம்பும் சுண்ணாம்பும் கலந்து அடித்து வைத்திருந்தார்கள். அப்படி அடித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885இல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து பூஞ்சையைக் கொன்றது. ஆகவே யாராவது கேட்டால், "எங்கள் எஸ்டேட்டுக்கும் போர்டோவுக்கும் பல தலைமுறைத் தொடர்பு" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். துளியும் பொய்யில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மேலே கொடி பிடிக்கவில்லையென்றால், கௌரவம் பார்க்காமல் கீழே இறங்கிவிடுங்கள். அர்ஜென்டினாவின் மெண்டோசா ஆண்டீஸ் மலையின் மழைமறைவில் இருக்கிறது. மழை சொற்பம், மலையில் பனி உருகி வரும் தண்ணீரில்தான் அங்கே ஒயின் விளைகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கும் மழைமறைவுதான். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வந்ததையெல்லாம் கேரளத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சாரலையும் காற்றையும் மட்டும் அனுப்புகிறது. பனிக்குப் பதில் பென்னிகுயிக். அவர் கட்டி 1895இல் திறந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வருகிறது. காய்ந்த காற்று, கொளுத்தும் வெயில், கேட்ட நேரத்தில் தண்ணீர்: கல்தூண் பந்தலில் பன்னீர் திராட்சை குலை குலையாகத் தொங்குவதற்கு இவைதான் காரணம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் இந்த ரகத்தின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒயினுக்கு வேண்டிய புளிப்பு, பழம் பழுக்கும்போது ராத்திரி குளிர்ந்தால்தான் தங்கும். நாசிக்கில் மழை முடிந்ததும் கவாத்து செய்து, மழையில்லாத குளிர்காலத்தில் பழுக்க வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்கள். அது 20 பாகையில் இருந்தும் ஒயின் ஊரானதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நமக்கு ராத்திரி குளிரத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. குளிர் வேண்டுமென்றால் பெரும்பாலும் மழையோடுதான் வரும். மழையில் பழம் வெடிக்கும். மழை இல்லாத மாதங்களில் பெரும்பாலும் வெக்கை. இந்தச் சிக்கலுக்கு என்னிடம் வழி இல்லை. வருண பகவானிடம் தேதி மாற்றக் கேட்டு மனு எழுதலாம்.

கடைசியாக, ருசி பார்க்க ஆள் வேண்டும். பாரிஸிலிருந்து வரவழைத்துக் காசைக் கரைக்காதீர்கள். போடி ஏல வியாபாரிகளில் ஒருவரைப் பிடியுங்கள். காயை நகத்தால் கீறி, உள்ளே விதை கறுப்பாகப் பிசுபிசுக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து, அது எந்தப் பக்கத்துத் தோட்டம், ஸ்டோரில் எப்படிக் காய வைத்தார்கள் என்று சொல்லிவிடும் மூக்கு அவருடையது. அவரிடம் குவாதமாலா பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். நம் ஏலச்செடி கடல் கடந்து, அந்த ஊர் மலைச்சரிவும் மழையும் பிடித்துப்போய், இப்போது நம்மைவிட அதிகமாக அங்கே காய்க்கிறது. அன்று முழுக்க ஒயின் நடக்காது.

எல்லாம் தயாரானதும் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பழம் கேளுங்கள். புளிப்பு, சர்க்கரை, தோல் கனம், மண்ணின் குணம் என்று நீங்கள் விளக்குவதையெல்லாம் தோட்டக்காரர் பொறுமையாகக் கேட்பார். ஒரு குலையை வெட்டிக் கையில் கொடுப்பார். பிறகு, "தின்னு பாருங்க தம்பி. சும்மாவே இம்புட்டு ருசியா இருக்கு, இதைப் போயி எதுக்குப் புளிக்க வைக்கிறீங்க? சரி, கிலோவுக்கு என்ன போடுவீங்க? வெரசாச் சொல்லுங்க, கேரளா வண்டி வந்துரும்" என்பார்.

மற்றதையெல்லாம் பிரெஞ்சில் சொன்னாலும், விலையை மட்டும் தமிழில் சொல்லுங்கள்.