சாரல் நாட்டில் உலர் கிளட்ச்: தேய்மான அளவை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் துணி காயாது, துண்டு காயாது, சாலையும் காயாது. இப்படிப்பட்ட நிலத்தில் 'உலர் கிளட்ச்' என்றொரு பொருள் இருக்க முடியுமா என்பதே இவ்வாராய்ச்சியின் முதல் வினா. முடியும் என்பது எம் துணிபு. அதன் தட்டு தேயுமா என்பது இரண்டாம் வினா. தேய்வதைத் தவிர அது வேறு எதுவும் செய்வதில்லை.

முதலில் இனம் பிரிப்போம். ஸ்பிளெண்டர், பல்சர், புல்லட் என்று தென்காசித் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள் அனைத்துக்கும் ஈரக் கிளட்ச்தான். பேரருவிக்குப் போகுமுன் ஆளை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துப் பிசைந்து அனுப்புவார்களே, அதே உபசாரம் அந்தத் தட்டுகளுக்கு நாள் முழுக்க நடக்கிறது. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். காசு மிச்சம் என்று கார் ஆயிலை ஊற்றுகிறவர்கள் தனி வகுப்பு. அந்த ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருக்கும். தட்டு தேயாமலே வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இந்த வகுப்பில் சேர வேண்டியதில்லை.

உலர் கிளட்சுக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது. பிடிமானம் அதிகம், சூடும் அதிகம், சத்தமோ சொல்லி முடியாது. இந்தக் குலத்தில் புகழ்பெற்றது இத்தாலியின் டுகாட்டி. 2012-இல் வந்த 1199 பனிகாலேயில் அந்தக் கம்பெனியே எண்ணெய்க்கு மாறியது. பிறகு பந்தயத்துக்கென்றே செய்த வி4 ஆர் வண்டியில் உலர் கிளட்சைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படி ஒரு வண்டி செங்கோட்டை வழியாகக் கேரளா போகையில் டீக்கடையோரம் நின்றால், தகரப் பெட்டிக்குள் சில்லறை குலுக்கும் அந்த ஓசையைக் கேட்டு, "பேரிங் போயிட்டு போல, அண்ணாச்சி" என்று யாராவது பரிவோடு சொல்லத்தான் செய்வார்கள்.

டுகாட்டி இங்கே விருந்தாளி. மண்ணின் உலர் கிளட்ச் கியரில்லா ஸ்கூட்டருக்குள் இருக்கிறது. பின்சக்கரத்தருகே இடப்பக்க மூடிக்குள் ஒரு டிரம், அதற்குள் மூன்று ஷூ. என்ஜின் சுழற்சி ஏற ஏற ஷூக்கள் விரிந்து டிரம்மைக் கவ்வும். முழுதாகக் கவ்வினால் தேய்மானம் கிடையாது. அரைகுறையாகக் கவ்வும்போதுதான் தேய்கிறது.

இங்கேதான் அறிஞரிடையே பிணக்கு. தேய்மானத்துக்குக் காரணம் மலையே என்பர் ஒரு சாரார். அற்றன்று. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. மெய்யான ஏற்றம் புளியரை எஸ் வளைவில் தொடங்கி ஆரியங்காவு நோக்கிப் போகிறது. அங்கேகூட மூன்றாம் கியரை இரண்டாக்கி ஒரே சீராக ஏறுகிறவனின் தட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. கேரளா போகும் டிப்பர் லாரிக்குப் பின்னால் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்தடி நகர்கிறவன் தட்டுதான் தேயும்.

தென்காசிக் காற்று கிளட்சைக் குளிர்விக்கும் என்பாரும் உளர். காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் ஆளையே தள்ளும் காற்று, ஒரு டிரம்மைக் குளிர்விக்காதா என்பது அவர்கள் வாதம். வாதம் அழகானது, ஆனால் ஸ்கூட்டரில் அந்த மூடிக்குள் காற்றை இழுக்கும் விசிறி என்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. ஐந்தருவிச் சாலையில் சீசன் ஞாயிறு நெரிசலில் என்ஜின் முனகும்போது விசிறியும் முனகும். ஷூ அரைகுறையாய் உரசும் நேரமும் அதுவே. சூடு அதிகமாகும் இடத்தில் காற்று குறைவு: இயற்கையின் இந்த ஓரவஞ்சனையை முன்னை ஆய்வாளர் எவரும் கண்டித்ததாகத் தெரியவில்லை.

இனி அளவை முறைகள். மூக்கு அளவை மூத்தது: கருகிய வாடை வந்தால் தட்டு போயிற்று. குறை என்னவென்றால், செய்தி எப்போதும் தாமதமாக வரும். காது அளவையில், என்ஜின் கத்தும், வண்டி நகராது. நக அளவையே செங்கோட்டைச் சாலைப் பட்டறைகளின் ஆதார நூல். அதை நேரில் காண்க. மெக்கானிக் மூடியைக் கழற்றுகிறார். பழுப்புத் தூள் படிந்திருக்கிறது. (ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; ஈரத் துணியால் துடைப்பதே முறை.) டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கிறது. ஷூவின் லைனிங்கில் கோடு கோடாய் இருக்க வேண்டிய காடி மறைந்து, கண்ணாடி போல் மினுங்குகிறது. கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுக்கிறார்.

"நகம் நிக்கல பாருங்க அண்ணாச்சி. காடி போயிட்டு."

"இன்னும் ஒரு சீசன் ஓடுமாடே?"

"வீட்டுக்கு ஓடும். அஞ்சருவிக்கு ஓடாது."

இதைவிடத் துல்லியமான சேவை எல்லையை எந்தக் கையேட்டிலும் யாம் கண்டிலம்.

ஆயினும் பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631-இல் ஓர் அளவுகோலை உலகுக்கு அளித்தார். அதை டப்பாவிலேயே துருப்பிடிக்க விடுவது நன்றி கொன்ற செயல். மோட்டார் சைக்கிள் தட்டு உலரோ ஈரமோ, முறை ஒன்றுதான். உராய்வுப் பகுதியை வெர்னியரில் கவ்வி, சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். சராசரி எடுப்பவன் தன்னையே ஏமாற்றுகிறான். மிகக் குறைந்த அளவே கணக்கு. சிறிய வண்டிகளில் புதுத் தட்டு ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கும், 2.6-ஐ ஒட்டி வந்தால் விடைகொடுக்கலாம். சரியான எல்லை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். ஸ்டீல் தட்டைக் கண்ணாடிப் பலகைமேல் கிடத்தி, அடியில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.2 மி.மீ. தகடு நுழைந்தால் பெரும்பாலும் தட்டு கோணிவிட்டது என்று பொருள். கோணிய தட்டை உப்புத்தாளில் தேய்த்து நிமிர்த்தலாம் என்று சொல்பவரிடம் விவாதிக்க வேண்டாம். வேறு பட்டறை பாருங்கள்.

ஆகவே தீர்ப்பு: மலை நிரபராதி. குற்றவாளி, நெரிசலில் லீவரைப் பாதி பிடித்தபடி கால் ஊன்றி நகரும் நாமே. நிற்கும்போது நியூட்ரலுக்கு வாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்கட்டும். தட்டு மாற்றினால் பழைய தட்டைக் கேட்டு வாங்கி அளந்து பாருங்கள். இதெல்லாம் ஆகாதென்றால் சீசன் ஞாயிறுகளில் வண்டியைத் தென்காசியிலேயே நிறுத்திவிட்டுக் குற்றாலம் பஸ்ஸில் ஏறுங்கள். அதற்கும் உலர் கிளட்ச்தான். ஆனால் அதை அளக்கும் பொறுப்பு உங்களுடையதன்று.