கேளாமல் நிறுவுபவர்

புதுச்சேரி நோணாங்குப்பத்து நிரலர், பிறர் மடிக்கணினியைத் தம் வீட்டுத் திண்ணையாகவே கருதுபவர். பழைய தமிழ் நூல்களின் பக்கப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் சிறு நிரலொன்றைப் பைத்தானில் எழுதி, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் அவர் வழங்கி வருகிறார். எனினும் அதில் எழுத்தை அறியும் வேலை முழுவதும், ஹியூலட்-பேக்கார்டு ஆய்வகத்தில் 1980களில் உருவாகி 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட் என்னும் கட்டளைவரிக் கருவியினுடையது. சாளரமும் பொத்தானும் இன்றி, தட்டச்சிட்ட கட்டளையால் இயங்குவது கட்டளைவரிக் கருவி. ஒரு நிரல் இவ்வாறு வெளியிலுள்ள ஒன்றை நம்பியிருப்பின், அது புறச்சார்பு எனப்படும்.

சார்பு இருக்கிறதா எனப் பார்ப்பதில் அவரைக் குறைசொல்ல இயலாது. கட்டளைகளைத் தேடவேண்டிய கோப்புறைகளின் வரிசையை 'பாத்' என்னும் சூழல்மாறி வைத்திருக்க, பைத்தான் 3.3 முதல் உள்ள 'விச்' என்னும் செயற்கூறு அவ்வரிசையில் தேடிக் கருவியின் இருப்பிடத்தைச் சொல்கிறது. இல்லையெனில் வெறுமையைத் திருப்பித் தருகிறது. அந்த வெறுமையைக் கண்டதும் அவருடைய உபகாரம் தொடங்கிவிடுகிறது.

நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ'வின் துணையோடு, மென்பொருள்களை இறக்கி நிறுவும் 'ஆப்ட்' என்னும் தொகுப்பு மேலாளரை நிரல் தானாகவே அழைக்க, திரையில் கடவுச்சொல் கேட்கப்படும்போதுதான் கணினிக்கு உரியவர் திடுக்கிடுகிறார். உரியவருடைய கைபேசி இணையத்திலேயே, வந்த கையோடு இயங்குதளம் முழுவதும் மேம்படுத்தப்படுகிறது. சுண்ணாம்பாற்றுப் படகு இல்லத்தில் குடும்பத்தார் காத்திருப்பதை நினைவூட்டினாலும், "அஞ்சே நிமிஷம் அண்ணே" என்பதே விடை. அடுத்து, காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கும் நிறுவப்படுகிறது. நூற்பக்கத்துக்குக் காணொளிக் கருவி எதற்கு என்று கேட்டால், அதை 2000இல் தொடங்கிய ஃபப்ரீஸ் பெலார் பிரெஞ்சுக்காரர் என்கிறார். புதுச்சேரியில் இதற்குமேல் ஒரு காரணம் வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. காசு வாங்காமல் தம் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே இழக்கிறவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வருவதில்லை.

ஆயினும் இவ்வளவு செய்பவர், டெசராக்டுக்குத் தமிழ்த் தரவு தனித் தொகுப்பு என்பதைச் சோதிப்பதே இல்லை. மொழியைக் குறிப்பிடாதபோது ஆங்கிலத்தையே கொள்ளும் அக்கருவி, தமிழ்ப் பக்கத்தைப் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாக்கித் தருகிறது. எது இல்லை, அதை நிறுவ எந்தக் கட்டளையைத் தட்டச்சிட வேண்டும் என்பதை ஒரே வரியில் அச்சிட்டுவிட்டு நிரல் நின்றிருக்கலாம். நிறுவுவதா வேண்டாமா என்பதைக் கணினிக்கு உரியவர் பார்த்துக்கொள்வார்.