மடிக்கு ஒரு தரச்சான்று: அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: அதிராம்பட்டினம் பின்னிருக்கைப் பயணிகளின் நெடுநாள் வழக்கத்துக்குச் சட்ட ஏற்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சகத்தாருக்கு,

தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில், உப்பளங்களை ஒருபுறமும் நெல்வயல்களை மறுபுறமும் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்திருக்கும் அதிராம்பட்டினம், 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்துவிட்டதால், இனி எதையும் முறைப்படி எழுத்தில் கேட்டுப் பெறுவதே அந்தத் தகுதிக்கு அழகு என்று கருதும் இவ்வூர்ப் பின்னிருக்கைப் பயணிகளின் சார்பில் இக்கடிதம் அனுப்பப்படுகிறது. இது சீட் பெல்ட் சட்டத்தை எதிர்க்கும் கடிதம் அன்று. அச்சட்டத்தைத் தாங்கள் முழு மனத்தோடு கடைப்பிடித்து வருவதாகவே மனுதாரர்கள் நம்புகின்றனர். அவர்கள் கடைப்பிடிக்கும் விதம் இன்னும் அரசிதழில் ஏறவில்லை என்பதொன்றே அவர்களது குறை.

சட்டம் கூறுவதை முதலில் எடுத்துரைப்பது முறை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதி, ஓட்டுநரும் அவர் பக்கத்தில் இருப்பவரும் மட்டுமன்றி, முன்னோக்கிய பின்னிருக்கைகளில் அமர்வோரும் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த 194பி பிரிவு, அணியாமல் ஓட்டினாலும் அணியாதவரை ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் அபராதம் விதிப்பதோடு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ, அதாவது குழந்தையின் உடலளவுக்கென்றே செய்யப்பட்டுக் காரின் இருக்கையோடு பிணைக்கப்படும் தனி இருக்கையாலோ, பாதுகாக்காமல் ஏற்றிச் சென்றாலும் அதே தொகையைக் கேட்கிறது. இத்தனை விரிவான சட்டம் பட்டுக்கோட்டைச் சாலைக்கு வந்து சேரும்போது, வாடகைக் கார் ஓட்டுநரின் வாயில் ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது: "முன்னாடி மட்டும் போட்டுக்குங்க காக்கா, செக்கிங் நிக்கிது." இவ்வூரில் அண்ணன் முறையினரைக் குறிக்கும் அந்த விளியைக் கேட்டதும், முன்னிருக்கைக்காரர் பட்டையை இழுத்து, அதன் உலோக நாக்கைக் கொக்கியில் மாட்டாமல், தொடையோரம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காவலரைக் கடக்கும் வரை மணமேடையில் இருப்பவரைப் போல் விறைத்து உட்காருகிறார், கடந்ததும் கை தளர்கிறது, பட்டை சரக்கென்று சுருளுக்குள் ஓடிவிடுகிறது. காவலர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார், பயணி காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டார், இருவருக்கும் மனக்குறை இல்லை. ஆகவே சோதனை நடக்கும் இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்பாக 'சீட் பெல்ட் ஆரம்பம்' என்றும், இருநூறு மீட்டர் பின்பாக 'சீட் பெல்ட் முடிவு' என்றும் நெடுஞ்சாலைப் பலகைகள் நட்டால், மக்களின் கை தேவையின்றி வலிக்காது என்பது முதல் வேண்டுகோள்.

இக்கோரிக்கைகளின் பின்னணியை அமைச்சகம் அறிய வேண்டுமானால், திருச்சி விமான நிலையத்துக்குச் செல்லும் பயணத்தை அறிய வேண்டும். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிழைப்பு நடத்தும் ஆண்களைக் கொண்ட ஊரில், ஒருவரை வழியனுப்பவோ அழைத்து வரவோ குடும்பமே புறப்படுவதால், ஏழு பேருக்கென்று பதிவான காரில் ஒன்பது பேர் ஏறுவது இயல்பு. பெல்ட்டுகளின் எண்ணிக்கை இருக்கைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது என்பது காரைச் செய்தவர்களின் குறுகிய நோக்கம். இருக்கும் பெல்ட்டும் கைக்கு எட்டுவதில்லை. புதுக் கார் வாங்கிய கையோடு தைத்துப் போடப்படும் சீட் கவரில் கொக்கிக்குத் துளை விடப்படாததால், பின்னிருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை நுழைத்துத் தேடுபவருக்கு நிலக்கடலைத் தோலும், மிட்டாய்க் காகிதமும், யாரோ தொலைத்த ஊக்கும் அகப்படுகின்றனவேயன்றிக் கொக்கி அகப்படுவதில்லை. அகப்பட்டு, அவசரத்தில் பட்டையை வெடுக்கென்று இழுத்தால் அது நகர மறுக்கிறது. "பெல்ட்டு ஜாம் ஆயிட்டு" என்று தீர்ப்புக் கூறி விட்டுவிடுகிறார்கள். மெதுவாக இழுத்தால் நீள்வதும், திடீரென்று இழுபட்டால் பூட்டிக்கொள்வதும்தான் அந்தச் சுருளின் வேலை என்பதையும், பயணி தம்மையறியாமல் அதைச் சோதித்துத் தேர்ச்சி அளித்துவிட்டார் என்பதையும் அவ்வேளையில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அந்தத் திருச்சிப் பயணத்தில், ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூருக்குச் செல்லும் சாலையிலோ, சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் களம் போதாத உழவர்கள் பாதிச் சாலையில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் எதிரே அறுவடை இயந்திரம் வரும். டெல்டாவில் திடீர்ப் பிரேக் என்பது விபத்தன்று, பருவகாலம். உழவரைக் குறை கூறுவதற்கில்லை. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையம் ஏற்காது, உலர்த்த வேறு தளமும் அவருக்கு இல்லை.

இனி இக்கடிதத்தின் தலையாய கோரிக்கைக்கு வரலாம். குழந்தை இருக்கை என்பதற்கு ஈடாக இவ்வூரிலும், தமிழ்நாடு முழுவதிலும் தொன்றுதொட்டுப் பயன்பாட்டில் உள்ள பொருள் மடி. தாயின் மடி, பாட்டியின் மடி, அவசரத்துக்கு முன்னிருக்கையில் அமர்ந்த தாய்மாமனின் மடி என அது பல அளவுகளில் கிடைப்பதோடு, விலையும் இல்லை, பொருத்தும் வேலையும் இல்லை. ஆயினும் சட்டம் அதைப் பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலில் சேர்க்கவில்லை. புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தார் குழந்தை இருக்கைகளைச் சோதிப்பதைப் போல் மடிகளையும் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று மனுதாரர்கள் கோருவதுடன், சோதனைக்கான கணக்கையும் தாங்களே போட்டுத் தருகின்றனர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் செல்லும் கார் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் மோதி நின்றால், உள்ளிருக்கும் உடல்கள் அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். இயங்கும் பொருள் தன் இயக்கத்தை விடாமல் தொடரும் இப்பண்பையே இயற்பியலார் நிலைமம் என்கின்றனர். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை வேண்டும். எனவே பட்டுக்கோட்டையில் ஒரு முகாம் நடத்தி, 140 கிலோ நெல் மூட்டைகளை முன்னறிவிப்பின்றி மடியில் போட்டு, அசையாத தாய்மார்களுக்கு மட்டும் உரிமம் வழங்கலாம். தாயே பெல்ட் அணியாதிருந்தால், குழந்தைக்குப் பின்னாலிருந்து தாயின் எடையும் சேர்ந்து அதை முன்னிருக்கையோடு நசுக்கும் என்பதால், அத்தகைய மடிகளுக்கு உரிமத்தில் தனி நிறம் தேவைப்படும். முன்னிருக்கை மடியைச் சோதிப்பது எளிது: மோதிய கணத்தில் இமைப்பொழுதைவிட விரைவாக வெடித்து விரியும் காற்றுப்பைக்கும் தாய்மாமன் மார்புக்கும் நடுவே இருப்பது குழந்தையின் தலைதான்.

கைக்குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிட மிகப் பெரிது, கழுத்தோ அதைத் தாங்கும் உறுதி பெறாதது. அதனாலேயே அதற்கான இருக்கை காரின் பின்புறத்தை நோக்கியபடி பொருத்தப்பட்டு, மோதலின் விசையை முதுகு முழுவதும் பரப்பிவிடுகிறது என்பதையும், முறையாகப் பொருத்திய குழந்தை இருக்கை இறப்புகளை 60 விழுக்காடு அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதையும் மனுதாரர்கள் மறுக்கவில்லை. "அழுவுற புள்ளைய எப்படிங்க அதுல கட்டிப் போடுறது" என்ற வினாவுக்கு அந்நிறுவனம் விடை தரவில்லை என்பதே அவர்களது வாதம். வண்டி கிளம்புகையில் ஓதப்படும் துஆ என்னும் இறைவேண்டல் போதாதா என்று கேட்பவரும் உண்டு. ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லும் நபிமொழியை அறிந்த ஊரிலேயே அப்படிக் கேட்கிறார்கள்.

வெளிநாட்டு விவகாரத்திலும் அமைச்சகத்தின் தலையீடு தேவைப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை முதல் காரில் உள்ள அனைவருக்கும் பெல்ட் கட்டாயம். தவறினால் 400 திர்ஹம் அபராதமும் ஓட்டுநரின் உரிமத்தில் 4 கரும்புள்ளிகளும். மலேசியாவில் 2009 முதல் பின்னிருக்கையும் இதற்கு விலக்கன்று; சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளோர்க்கு உரிய தனி இருக்கை வேண்டும். துபாயில் டாக்ஸிக் கதவைச் சாத்தும் முன்பே பெல்ட்டை மாட்டிவிடும் அதே மனிதர், திருச்சியில் இறங்கி, மூன்று ஆண்டுகளாகப் பார்க்காத மகளை மடியில் இருத்திக்கொண்டு, சீட் கவரின் மேல் சாய்ந்து தூங்கியபடி ஊர் வந்து சேருகிறார். பெல்ட் போடும் வழக்கத்தை வருகைப் பிரிவில் சுங்கத்துறையிடம் ஒப்படைத்து ரசீது பெறவும், விடுப்பு முடிந்து புறப்படும் நாளில் அதைக் காட்டித் திரும்பப் பெறவும் ஒரு கவுன்டர் திறந்தால், தற்போது முறைசாராமல் நடக்கும் இப்பரிமாற்றத்துக்குக் கணக்கு இருக்கும்.

2019 ஜூலை முதல் புதுக் கார்களில் முன்னிருக்கைகளுக்குக் கட்டாயமான எச்சரிக்கை ஒலியைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். பட்டையில்லாத வெறும் உலோக நாக்கைக் கொக்கியில் செருகி அந்த ஒலியை ஏமாற்றும் கிளிப்புகளை விற்கக் கூடாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு ஆணையிட்டதையடுத்து, 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டதாக 2023 மே மாதம் அறிவித்தது. உயிரைக் காக்கும் கருவி வாய் திறந்து கேட்பதை நிறுத்துவதற்கென்றே ஒரு தொழில் தழைத்த நாட்டில், இத்தாலியில் 1989இல் பெல்ட் கட்டாயமானபோது நேப்பிள்ஸ் நகரில் தோன்றிய, மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை அச்சிட்ட பனியனைத் திருப்பூர் இன்னும் தயாரிக்காதது வியப்பே.

இவ்வளவும் பின்னிருக்கைக்கு எதற்கு என்று அமைச்சகம் கேட்குமானால், அதன் சொந்த ஆவணத்தையே மேற்கோளாகக் காட்டலாம். 2022ஆம் ஆண்டின் சாலை விபத்துகள் குறித்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடு முதலிடம் பெற்ற அவ்வாண்டில், நாடெங்கும் பெல்ட் அணியாததால் இறந்தோர் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர் 8,384, பயணிகள் 8,331. ஏறத்தாழச் சரிபாதி பயணிகளாக இருந்தும், சாலையோரச் சோதனை முன்னிருக்கைத் தோள்களை மட்டுமே பார்க்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் பாலத்தில் கார் மோதி, பின்னிருக்கையில் பெல்ட் இன்றி இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடனிருந்தவரும் இறக்க, முன்னால் இருந்த இருவர் படுகாயத்தோடு பிழைத்தனர். பின்னிருக்கைக்கும் எச்சரிக்கை ஒலி வேண்டும் என்ற வரைவு அதற்குப் பின்னரே வேகம் பெற்றது. பின்னால் அமர்ந்தவர் விருந்தாளி, விருந்தாளியைக் கட்டிப்போடுவது மரியாதையன்று என்ற கொள்கையை அதுவரை புது தில்லியும் அதிராம்பட்டினமும் ஒன்றாகவே காத்துவந்தன.

மூன்று முனைகளில் உடலைத் தாங்கும் இன்றைய பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன்பு போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்துக் கொண்டிருந்தவர். அதன் காப்புரிமையை அந்நிறுவனம் மற்றவர்க்கும் திறந்துவிட்டதால், பட்டுக்கோட்டைக் கார்களின் சீட் கவருக்கு அடியிலும் அது இலவசமாகவே உறங்குகிறது.

மேற்கண்ட கோரிக்கைகள் மீதான பதிலை மனுதாரர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஒன்பது பேரில் யார் அணியாவிட்டாலும் 194பி பிரிவின்படி அபராதச் சீட்டு காரை ஓட்டுபவர் பெயருக்கே வருவதால், அதனுடன் சேர்த்து அவருக்கே அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
அதிராம்பட்டினம் பின்னிருக்கைப் பயணிகள்
(மடியில் உள்ளோர் உட்பட)