குளிருக்கு டிக்கெட்

கெந்திங் மலை எங்கள் கேமரன் மலைப் பக்கம்தான் கருவானது என்று சொன்னால் என் பேரன் சிரிக்கிறான். ஆனால் விஷயம் உண்மை. 1964-இல் லிம் கோ தோங் கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் குத்தகை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்காய்வதற்குப் பதிலாகக் குளிரை வாங்க வரும் கூட்டத்தை அவர் கண்டார். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், அதிலும் தாப்பாவுக்கு மேல் குடலைப் புரட்டும் வளைவுகள். இத்தனை பாடுபட்டு வருகிறவர்களுக்குத் தலைநகருக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்மலையைக் காட்டினால் என்ன என்று யோசித்தார். 1965-இல் நிறுவனம், பிறகு காட்டை வெட்டிச் சாலை, 1969-இல் துங்கு அப்துல் ரஹ்மான் கையால் அடிக்கல், 1971-இல் முதல் ஹோட்டல். எங்கள் மலை தூரமாக இருந்த ஒரே குற்றத்தால் இன்னொரு மலைக்கு யோகம் அடித்தது.

அவர் யோசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். குளிரை விற்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குளிர் என்றால் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது காதை இறுக்கிக் கட்டவைக்கும் சனியன். பிள்ளைகளுக்குச் சளி, பாட்டிக்கு இருமல், எல்லாருக்கும் கோடாலித் தைலம். 1885-இல் இந்த மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனோ, 1929-இல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸலோ குளிரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எங்கள் லயத்தில் யாரும் விசாரித்ததில்லை. அவர்கள் வீட்டில் கணப்பு அடுப்பு இருந்திருக்கும்.

கெந்திங்குக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது 1980களின் தொடக்கத்தில். தோட்டத்து இளைஞர்கள் பஸ் பேசினார்கள். சம்பள நாளன்று வாசலிலேயே நின்று தவணை தவணையாக வசூல். அப்பா முதலில் மறுத்தார். “குளிரா இருக்கிற ஊர்ல இருந்து குளிரா இருக்கிற ஊருக்குக் காசு குடுத்துப் போறதா? கேக்கிறவன் சிரிப்பான்.” அம்மா பதில் சொல்லாமல் அடுத்த வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நடுராத்திரி கழிந்து பஸ் கிளம்பியது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994-இல்தான். அதனால் பீடோர், சுங்கை, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம், ரவாங் என்று ஒவ்வொரு பட்டணத்துக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டுதான் போகவேண்டும். மலையில் பிறந்தவர்களுக்கு வளைவில் வாந்தி வராது என்று எவனோ சொல்லி வைத்திருந்தான். ரிங்லெட் தாண்டியதுமே மைலோ டின் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடையாய் நடந்தது. அதே டின்தான், கெந்திங் செம்பாவுக்கு மேலே ஏற்றத்தில் பஸ் கொதித்து நின்றபோது, ஓடையில் கழுவித் தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றவும் உதவியது.

சாப்பாடு கொழுந்துக் கூடையில் வந்தது. புதுக் கூடையாக்கும், கடைக் கூடை கேவலம் என்று அம்மா அதைத்தான் எடுத்துக்கொண்டார். அடியில் வாழை இலை, அதன்மேல் புளிச்சோற்றுப் பொட்டலங்கள், ஓரத்தில் நெத்திலி சம்பல் அடைத்த ஹார்லிக்ஸ் போத்தல், அது உருளாமல் இருக்க என் பள்ளிக்கூடக் காலுறை. தஞ்சோங் மாலிமுக்கு முன்னால் சாலையோர ரப்பர் மரத்தடியில் பசியாறினோம். அந்தச் சோற்றில் தேயிலை வாசம் இருந்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அக்காள் இல்லை என்கிறாள்.

உச்சிக்குப் போய் இறங்கியதும் ஒன்று தெரிந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் அடி. எங்கள் பள்ளத்தாக்கைவிட அது நன்றாகவே உயரம். கோலாலம்பூர்க்காரர்கள் குல்லாவும் ஸ்வெட்டருமாக வந்திருந்தார்கள். நாங்களோ “குளிருலயே பொறந்தவங்களுக்கு எதுக்கு ஸ்வெட்டரு” என்று கல்யாணத்துக்கு எடுத்த பட்டிலும் டெட்ரான் சட்டையிலும் போயிருந்தோம். பல் கிடுகிடுத்தது. ஆனாலும் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. “நம்ம ஊருக் குளிருக்கு இது பத்தாது” என்று அப்பா கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு சொன்னார்.

ஏரியில் படகு விட்டார்கள். அதற்கு டிக்கெட். பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் கரையில் நின்று கையாட்டினார்கள். அதைவிட எங்களுக்குப் பெரிய விளையாட்டு ஹோட்டலின் லிப்ட். அதற்குக் காசு கிடையாது. பெண்கள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலதுகாலை முதலில் வைத்து உள்ளே போவார்கள். கதவு சாத்தியதும் பக்கத்து வீட்டு அத்தை “முருகா” என்பார். எண்கள் ஒவ்வொன்றாக எரிவதைக் கழுத்தை அண்ணாந்து பார்ப்போம். மேலே போய்க் கதவு திறந்தால் யாரும் இறங்கமாட்டோம். கீழே வந்து திறந்தாலும் இறங்கமாட்டோம். வெளியே சூட்கேசோடு நிற்கும் சீனத் தம்பதி எத்தனை நேரம்தான் பொறுப்பார்கள்?

சூதாட்டக் கூடத்துக்குள் போகவென்றே வந்தவர் எங்கள் மாமா. ஒரு மாதச் சம்பளத்தை உள்பையில் வைத்து ஊக்குப் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் ஆண்கள் டை கட்டியோ முழுக்கை பாத்தேக் சட்டை போட்டோதான் போகவேண்டும். சட்டை இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மாமா வாடகை பாத்தேக்கில் மாப்பிள்ளையாய் வாசல் வரை போனார். காலில் இருந்தது ஜப்பான் சிலிப்பர். சட்டை வாடகைக்குக் கிடைத்ததே தவிர சப்பாத்து கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் வழியெல்லாம் உர்ரென்று இருந்தார். மாமி மட்டும் அந்தச் சிலிப்பரை அறுந்துபோன பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.

இது அன்றைய கதை. இப்போதைய கதையில் எல்லாமே வசதி.

மகன் கோலாலம்பூரில் வேலை. பள்ளி விடுமுறையில் “அப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கெந்திங் போவோம், டிக்கெட் எடுத்துட்டேன்” என்றான். ஒரு டிக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு அப்பா வாங்கிய மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒப்பிட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் கீழே இறங்க, எதிர்ச்சாரியில் கோலாலம்பூர்க் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. பள்ளி விடுமுறை வந்தால் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் வரை அப்படித்தான். அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? எங்கள் அம்மாமார் வேலை செய்த மேட்டை. சுங்கை பாலாசில் மலைச்சரிவுக்கு மேலே நீட்டிக் கட்டிய தேநீர்க்கடையில் நின்று, கீழே வரிசை வரிசையாய்ப் போகும் தேயிலையைப் படம் எடுக்கிறார்கள். சில இடங்களில் முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பது போலவும் படம் பிடித்துக்கொள்ளலாம். கூடை காலி, அதனால் எல்லாரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் இன்னும் அருமை. அம்மா பறித்த கொழுந்தை நிறுத்து அம்மாவுக்குக் காசு கொடுத்தார்கள். இன்றைக்கு வருகிறவர்கள் தாங்களே குனிந்து பறித்து, தாங்களே சுமந்து வந்து, தராசில் நிறுத்து, எடைக்குக் காசு கட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த யோசனை அன்றைய கிராணிக்குத் தோன்றியிருந்தால் தோட்டம் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கும்!

உண்மையில் கொழுந்து எடுப்பவர்கள் இப்போது பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம் செடியின் தலையைச் சீவித் தள்ளுகிறது. எங்கள் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். லெம்பா பெர்த்தாமில் மலைச்சரிவு தெரியாத அளவுக்குக் காய்கறிப் பிளாஸ்டிக் கூடாரங்கள்.

கெந்திங் அடிவாரத்து அவானாவிலிருந்து மேலே கேபிள் காரில் போனோம். பஸ்ஸும் மைலோ டின்னும் பட்ட பாடெல்லாம் பத்து நிமிடத்தில் காலுக்கடியில் கடந்து போயிற்று. தங்கியது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில். 7,351 அறைகள், உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்று 2015-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நீண்ட நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், கதவுக்குக் கதவு நம்பர். என் மனைவி நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். “என்னாங்க, நம்ம லயம் மாதிரியே இருக்கு” என்றாள். பக்கத்து அறையில் யாரோ இருமுவது கேட்டது. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

படகு விட்ட பழைய திறந்தவெளிப் பூங்காவை 2013 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஹாலிவுட் நிறுவனம் ஒன்றின் பெயரில் புதுப் பூங்கா வருவதாக இருந்து, 2018-இல் அது வழக்காகி, சமரசமாகி, 2022 பிப்ரவரியில் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்று திறந்தது. எங்கள் பக்கத்திலும் 2013 மறக்கிற வருஷம் இல்லை. அக்டோபர் 23 பின்னிரவு, கனமழை. சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் ஆற்றில் எகிறி வந்து வீடுகளையும் கார்களையும் புரட்டிப்போட்டது. உயிர்களும் போயின. 1960களில் லிம் வேலை பார்த்த அதே நீர்மின் திட்டத்தின் அணைதான் அது. அந்த இரவைப் பார்த்த என் மனைவி எந்தப் பூங்காவிலும் படகில் ஏறுவதில்லை. பேரன் கெஞ்சினாலும் சரி.

ஸ்கைவேர்ல்ட்சில் ‘ரியோ’ என்று ஒரு பகுதி, பிரேசில் கொண்டாட்டமும் வண்ணக் கிளிகளுமாக. ‘ஐஸ் ஏஜ்’ என்று ஒரு பகுதி, பூசிச் செய்த பனியோடு. வெப்பமண்டலத்துக் காட்டை வெட்டி, அந்த இடத்தில் இன்னொரு வெப்பமண்டலத்தைச் சிமெண்டில் செய்து, பக்கத்திலேயே துருவத்தையும் வைத்திருக்கிறார்கள். மனிதன் சும்மா இருக்கமாட்டான். ஆனால் வேலைப்பாடு நேர்த்தி. குறை சொல்ல வாயில்லை. வரிசையில் நிற்காமல் இருக்க மருமகள் கைப்பேசியிலேயே இடம் பிடித்துக்கொண்டிருந்தாள். முழு நேரமும் அவள் பார்த்தது அந்தக் கண்ணாடிச் சதுரத்தைத்தான்.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. ரியோவும் தெரியவில்லை, துருவமும் தெரியவில்லை. முன்னால் நின்ற மருமகளே மங்கலாகத்தான் தெரிந்தாள். பேரன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, ஒண்ணுமே தெரியல, இது சூப்பரா இருக்கு!” என்று குதித்தான். அவனுக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது அதுதான். எங்கள் வீட்டுப் பின்பக்கம் இது தினமும் சாயங்காலம் சும்மா வருகிறதுடா என்று சொல்ல நினைத்தேன். டிக்கெட்டுக்குக் காசு கட்டிய மகன் பக்கத்தில் நின்றிருந்தான், சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது தாப்பா ஓய்வுத்தலத்தில் மனைவி பையைத் திறந்தாள். புளிச்சோறு, பிளாஸ்டிக் டப்பாவில். பேரன் நக்கெட்தான் வேண்டும் என்றான். இரண்டு வாய் ஊட்டிய பிறகு டப்பா அவன் மடிக்குப் போய்விட்டது.

கேமரனுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. வாருங்கள், நீங்கள் வந்தால்தான் இங்கே பல வீட்டில் அடுப்பு எரிகிறது. படமும் எடுங்கள். ஆனால் தேயிலைச் செடிமேல் சாயாதீர்கள். வாது ஒடிந்தால் அது நிமிர நாளாகும். சரிவில் வேலை செய்கிறவரைப் படம் பிடிக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் அங்கே வேடம் போட்டு நிற்கவில்லை, அன்றைய எடை முடியாமல் நிற்கிறார்.