அத்திப்பள்ளியில ஒரு பிலிகுண்டுலு வேணும்

குடகுக்குக் கெளம்பிட்டியா மாப்ளே? நல்லாப் போயிட்டு வா. சிப்காட்டுல ஷிப்ட் பார்த்து ஓஞ்ச உடம்பு, மூணு நாள் லீவு, யாரு வேணாம்னா? ஒரே ஒரு கணக்கு சொல்றேன், கேட்டுட்டுப் பெட்டியக் கட்டு.

காவிரியில நமக்கு வருசத்துக்கு 177.25 டிஎம்சின்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. அதை எல்லையில இருக்கிற பிலிகுண்டுலுல மத்திய அரசு ஆளுங்க அளக்குறாங்க. கொறைஞ்சா கொடி புடிக்கிறோம், நியாயந்தான். ஆனா லீவு விட்டா ஓசூர்க்காரன் ஜூஜூவாடி எல்லையத் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டுற காசை அத்திப்பள்ளியில எவன்டா அளக்குறான்? இந்தப் பாய்ச்சல்ல நாமதான் மேல்மடை! கோர்ட்டு உத்தரவே வேண்டியதில்ல, பஞ்சம் வந்த வருசத்துலயும் மதகைத் தொறந்து விட்டுடுறோம். அவ்வளவு தாராள மனசு நமக்கு.

ரூம் வாடகை 5,000 ரூபான்னு வெச்சுக்கோ. 7,500 வரைக்கும் இருக்கிற ரூமுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆச்சா, 250 ரூபா. அதுல பாதி டெல்லிக்கு. மீதி பாதி, ரூம் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலத்துக்கு. நீ ஓசூர்ல குடியிருக்கேங்கிறதுக்காக அந்த 125 ரூபா உன் பின்னாடியே வராது. அது கெடக்குது சில்லறை, போவட்டும். அந்த 5,000தான் சங்கதி. போர்வை தொவைக்கிறவரு கூலியாகும், பால் ஊத்துறவரு காசாகும், அங்க இருக்கிற மளிகைக்கடைக்குப் போகும், அந்த ஊர்ப் பிள்ளைங்க பள்ளிக்கூட ஃபீஸாகும். நாலு கை மாறித்தான் ஓயும். குடகுக்காரன் நல்லா இருக்கட்டும், எனக்கென்ன வயித்தெரிச்சல்? (கொஞ்சம் உண்டு.)

"ஒகேனக்கல் பார்த்தாச்சு மாமா"ம்பே. எப்போ? பள்ளிக்கூட டூர்ல, பஸ்ல வாந்தியெடுத்துக்கிட்டே. ஞாயித்துக்கிழமை அஞ்செட்டி ரோட்டுல நின்னு பாரு, கேஏ நம்பர் வண்டிங்க எறங்குறதை. அதுல வர்றவன் மீனை எடை போட்டு வாங்கி, அங்க அடுப்பு வெச்சிருக்கிற அம்மா கையில குடுத்துடுவான். கொழம்பு கொதிக்கிறதுக்குள்ள எண்ணெய் தேய்ச்சு, அருவியில குளிச்சு, பரிசல் ஏறி எறங்கி, பசியோட வந்து உக்காருவான். ஒரு சோத்துக்குள்ள எத்தனை குடும்பம் பொழைக்குது பாரு! அதுவும் வருசம் பூரா இல்ல. கர்நாடகாவுல மழை கொட்டி ஆத்துல வெள்ளம் வந்தா, கலெக்டர் பரிசலுக்குத் தடை போட்டுடுவாரு. அன்னைக்குப் பரிசல்காரர் வீட்டு அடுப்பு எரியாது. ஆறு அமைதியா இருக்கிற நாளா பார்த்து நீ குடகுக்குப் போறே.

ஓசூர்ப் பக்கம் பாக்க என்ன இருக்குன்னு கேட்டியே, ஒண்ணுமில்லதான். தொரப்பள்ளியில 1878ல ராஜாஜி பொறந்த வீடு இருக்கு, அதை விடு. ராயக்கோட்டையப் புடிக்க 1791ல வெள்ளைக்காரன் பீரங்கிய இழுத்துக்கிட்டு வந்தான். உனக்கு பைக்குல போகவே முதுகு வலிக்குது. மல்லசந்திரத்துல கல்திட்டைங்க கெடக்குது. மயிலாடும்பாறையில தோண்டி எடுத்த இரும்போட காலம் கி.மு. 2172ன்னு 2022ல சட்டசபையிலயே சொன்னாங்க. நாலாயிரம் வருசம் பொறுத்தது, நீ வர்ற வரைக்கும் பொறுக்காதா?

சர்க்காரையும் சும்மா விடுறதுக்கில்ல. கக்கூசு, குடிதண்ணி, வழி காட்டுற பலகை, இந்த மூணும் எல்லா எடத்துலயும் ஒழுங்கா இருந்தா நான் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்தணும்? உன் பொண்டாட்டி குடகுதான்னு அடம் புடிக்கிறதுல பாதி நியாயம் அந்தக் கக்கூசுல இருக்கு. வெளிநாட்டுக்காரன் வருவான்னு விளம்பரம் பண்றவங்க, உள்ளூர்ப் பொம்பளைங்க ஒதுங்க எடம் கட்டுனா போதும், கூட்டம் தானா வரும்.

போகாதேன்னு சொல்லல மாப்ளே. ஒரு லீவுக்கு அந்தப் பக்கம், ரெண்டு லீவுக்கு இந்தப் பக்கம். இதுல எனக்கும் சுயநலம் இருக்கு, மறைப்பானேன்: கிருஷ்ணகிரி ரோட்டோரம் நம்ம தோப்பு மாம்பழத்தைக் கூறு கட்டி வெச்சிருக்கேன். பெங்களூருக்காரன் வண்டிய நிறுத்திப் பேரம் பேசாம வாங்கிட்டுப் போறான். நீயும் வா, காசு குடுத்து வாங்கு. மாமன் கடைதானேன்னு ஓசிக்குப் பையை நீட்டாதே.