பிள்ளையார்பாளையத்தில் நிட்: கேமிங் மானிட்டரின் ஒளிர்வு குறித்து ஓர் ஆழ்நிலை ஆய்வு

பகலில் தறியும் இரவில் கேமிங்கும் ஓடுகிற காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் ஒரு வீட்டில் மானிட்டருக்கு எத்தனை நிட் ஒளிர்வு வேண்டும் என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம். தொல்காப்பியர் மானிட்டர் வைத்திருந்தாரா என்ற கேள்விக்குள் நாம் போகவில்லை. அதற்குத் தனி நல்கை கேட்டிருக்கிறோம். கிடைத்ததும் வைத்திருந்தார் என்று நிறுவப்படும்.

நிட் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா. கேண்டெலா என்பது ஏறத்தாழ ஒரு மெழுகுவத்தியின் ஒளிச்செறிவு. ஆக, 400 நிட் மானிட்டர் வாங்கியவர் சதுர மீட்டருக்கு நானூறு மெழுகுவத்தி கொளுத்தி வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இக்கருத்து முன்பே பதிவாகியுள்ளது (காண்க: அம்மா, வாய்மொழி, "கண்ணு அவிஞ்சிடும்டா").

முன்னோர் சொன்னவை. 1999இல் வந்த எஸ்ஆர்ஜிபி தரம் திரைக்கு 80 நிட் போதும் என்றது. வீசா அமைப்பு 2017இல் டிஸ்ப்ளே எச்டிஆர் 400, 600, 1000 என்று படிக்கட்டு கட்டியது. எச்டிஆருக்கான பிகியூ முறையோ 10,000 நிட் வரை இடம் விட்டு வைத்திருக்கிறது. எண் ஏற ஏற அறிவும் ஏறுகிறது என்ற நம்பிக்கையை இதற்கு முன் அடிக்குறிப்புகளில்தான் கண்டிருக்கிறோம். ஸ்டீவன்ஸ் விதிப்படி ஒளிர்வை இருமடங்காக்கினால் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிவது ஏறத்தாழக் கால் பங்குதான். மீதியெல்லாம் பெட்டியின் மேல் அச்சடிக்க.

இனிக் களங்கள். முதலாவது, கைலாசநாதர் கோயில் புல்வெளி, நண்பகல்: லேப்டாப்பை மூடிவிட்டுச் சிற்பத்தைப் பார்க்கவும்.

இரண்டாவது, வாசல். பட்டு நூலின் சாயம் பொருந்துகிறதா என்று பார்க்க நெசவாளர் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவார். மானிட்டரை எடுத்துப் போனால், தெருவில் பாவு இழுத்திருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள்.

மூன்றாவது, உள்ளறை. இங்கேதான் ஆட்டம். ஒரு டியூப் லைட், மேசையில் 150 லக்ஸ் என்று கொள்வோம். வெள்ளைச் சுவர் அதில் எழுபது சதவீதத்தைத் திருப்பினால், பையால் வகுக்க, 33 நிட். சுவரே இவ்வளவுதான் என்னும்போது திரைக்கு 100 முதல் 120 நிட் தாராளம். இருட்டு மூலையில் பதுங்கியிருக்கும் எதிரி தெரியவில்லை என்று ஒளிர்வை ஏற்றுபவர்கள், ஏற்ற வேண்டியது காமா என்பதை அறியாதவர்கள். இருவர் ஆடும் ஆட்டம் இவ்வூருக்குப் புதிதுமல்ல. சேலையின் உடலோடு கரையைப் பிணைக்கும் கோர்வை போட மூன்று நாடாவும் இரண்டு ஆளும் வேண்டும். அதில் ஒருவர் லேக் ஆனாலும் கரை கெடும்.

திரை பளபளப்பா, மேட்டா என்பதில் இரு கட்சிகள் உண்டு. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றம் வரை போன ஊரில் நாம் இதில் தலையிடுவதாக இல்லை. ஆய்வு வீட்டில் இருப்பது பளபளப்புத் திரை. அங்கேதான் இதுவரை அறிஞர் எவரும் தொடாத சிக்கல் எழுகிறது: ஜரிகை.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. முகூர்த்த நாளில் பட்டுச் சேலை கட்டிய ஒருவர் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் "மாலை வந்துச்சா?" என்று கேட்டபடி கடக்கிறார். டியூப் லைட்டின் மேற்பரப்பு 8,000 நிட் என்று வைத்துக்கொள்வோம். முந்தானை மடிப்பு அதில் பாதியைத் திருப்பினால் 4,000. பளபளப்புக் கண்ணாடி நூற்றுக்கு நான்கைப் பிரதிபலிக்கும். விடை 160 நிட். எஸ்ஆர்ஜிபி மொத்தத் திரைக்கும் ஒதுக்கியதைப் போல இது இரு மடங்கு! அந்தக் கணத்தில் எதிரி சுட்டுவிடுகிறான். சுட்டவன் தோட்டா, சாகடித்தது முந்தானை.

இங்கே பாடபேதங்கள் மிகுதி (காண்க: பெரியம்மாவின் அரக்கு, மூலப்பதிப்பு, அந்துருண்டை மணத்துடன், சின்னம்மாவின் மாம்பழ மஞ்சள், திருத்திய மறுபதிப்பு, பாலிஷ் போட்டது, இரண்டையும் ஒப்பிட்டு அத்தை நிகழ்த்திய திறனாய்வு, நிச்சயதார்த்தப் பந்தி, பாயசத்துக்கு முன், அதே அத்தை, பாயசத்துக்குப் பின், முந்தைய நிலைப்பாட்டை முற்றாக மறுத்தது). இமிடேஷன் ஜரிகை எத்தனை நிட் தரும் என்று அத்தையிடம் கேட்டோம். கேட்டதே தவறு என்றார். அவர் வீட்டில் அப்படி ஒரு சேலை இருப்பதாக யார் சொன்னது என்றும் கேட்டார். மூல ஆவணத்தைப் பார்வையிட அனுமதி மறுக்கப்பட்டது. இதே காரணத்தைச் சொல்லி முடிக்கப்படாமல் கிடக்கும் முனைவர் பட்டங்களை எண்ணி ஆறுதல் அடைந்தோம்.

பரிந்துரை: சாதாரண நாளில் 120 நிட். முகூர்த்த நாளில் 120 உடன் 160 சேர்த்து 280 நிட். ஒரே நேரத்தில் இரு சேலைகள் கடந்தால் 440. அதற்கு எச்டிஆர் 600 படிக்கட்டு ஏற வேண்டும். டியூப் லைட்டை அணைத்துவிட்டால் போதாதா என்று மின்வாரியக் கட்டணம் கட்டுபவர் ஒருவர் வினவினார். அவ்வழி ஆய்வுக்குழுவால் நிராகரிக்கப்பட்டது. அதற்கு அட்டவணை போட முடியாது.