எல்லையோரச் சிம் தேர்வு: பொதட்டூர்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

வெளிநாடு போனால் உள்ளூர் சிம் வாங்குவதா, வீட்டு சிம்மையே ரோமிங்கில் ஓட்டுவதா? இவ்வினாவை ஆராய்ந்த அறிஞர்கள் சிங்கப்பூர், துபாய் விமான நிலையங்களோடு நின்றுவிட்டனர். பொதட்டூர்பேட்டையை ஒருவரும் கருதவில்லை. இங்கே ஆந்திராவின் நகரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாலே அயல்நாடு வந்துவிடும். விசா வேண்டாம், டிக்கெட் போதும்.

ம.பொ.சி. போராடி, பட்டாஸ்கர் பஞ்சாயத்துப் பேசி, 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூரை உள்ளடக்கிய திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்த ஏற்பாட்டில் செல்போன் டவர் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலை 31-ல்தான் என்பதால் பட்டாஸ்கரை மன்னிக்கலாம். பின்னாளில் தொலைத்தொடர்புத் துறை தமிழ்நாட்டை ஒரு வட்டமாகவும் ஆந்திராவை இன்னொரு வட்டமாகவும் பிரித்தது. அலைக்கு அது தெரியாது. வீட்டு வாசலில் நின்றபடியே ரோமிங்கில் போய்விட்டவர்கள் எல்லையோரத்தில் உண்டு. 2003-ல் இன்கமிங் இலவசமானபோதும் ரோமிங்கில் இருப்பவருக்கு ஆகவில்லை. 2013 ஜூலையில் அந்த இன்கமிங்குக்கு உச்சவரம்பு நிமிடத்துக்கு 75 காசு, 2015 மேயில் 45 காசு. "அண்ணே, ஆந்திரா டவர் எடுத்துடுச்சு, வச்சிடு" என்பது அக்காலத்து விடைபெறும் மரபு.

இதை இரு சிம் காலம் எனலாம். பர்ஸின் உள்மடிப்பில், அடகுச் சீட்டுக்குப் பின்னால், ஆந்திரா சிம் இருக்கும். எல்லை தாண்டியதும் ஓடும் பஸ்ஸிலேயே போனின் முதுகைக் கழற்றி, பேட்டரியை மடியில் கிடத்தி, சிம் மாற்ற வேண்டும். ரோட்டில் பள்ளம் வந்தால் சிம் சீட்டுக்கடியில் போகும். அன்றைய சிம் 25-க்கு 15 மில்லிமீட்டர், குனிந்து தேடலாம். இன்றைய நானோ சிம் 12.3-க்கு 8.8, இறங்க வேண்டிய ஊர் போய்விடும்.

எந்த சிம் என்பதைக் கட்டண அட்டவணை தீர்மானித்ததாக முன்னோர் கருதினர். நான் மறுக்கிறேன், தீர்மானித்தவர் சம்பந்தி. அன்று ஆந்திரத்துப் புத்தூர்ச் சம்பந்தி தமிழ்நாட்டு எண்ணைக் கூப்பிட்டால் அவருக்கு எஸ்.டி.டி.; முன்னால் பூஜ்யம் வேறு போட வேண்டும். போட மறந்தால் லைன் போகாது. "பெண் வீட்டார் போனே எடுப்பதில்லை" என்று பேச்சு வரும். அதாவது உள்ளூர் சிம் வாங்குவது நம் காசை மிச்சப்படுத்த அல்ல, கூப்பிடுகிறவர் காசை மிச்சப்படுத்த. சிங்கப்பூர் போகிறவருக்கும் இதுவே விதி: அங்கிருக்கும் மேஸ்திரி கூப்பிட வேண்டுமென்றால் அங்கத்து எண் வேண்டும். வீட்டார் வாட்ஸ்அப்பில் வந்துவிடுவார்கள். பேங்க் ஓடிபிக்காகப் பழைய சிம்மைக் கழற்றக் கூடாது.

2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் ஏர்டெல்லும் அதை விட்டது. எல்லை கிழித்துச் சரியாக 57 ஆண்டு, அதே தேதி. தற்செயல் என்று ஒதுக்க ஆய்வாளன் மனம் ஒப்பவில்லை.

இந்தியாவுக்குள் இன்னும் சிம் மாற்ற வைக்கும் இடம் ஜம்மு காஷ்மீர்: வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். ஆய்வின் இரண்டாம் பாகத்துக்காக ஸ்ரீநகர் பயணப்படி கோரப்பட்டுள்ளது.